காய்ச்சல் விடுமுறை ஆகாது: நம் நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் மனிதவளத் துறைத் தலைவர் அவர்களுக்கும்,

சென்ற மாதம் அமெரிக்கக் கிளை ஊழியர்களுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் பற்றி எழுதுகிறேன். டெக்சஸ் மாநிலத்தில் உள்ள நம் பிளேனோ கிளையில் இதுவரை ஆண்டு விடுப்பு 12 நாள், நோய் விடுப்பு 6 நாள் என்று தனித்தனியாக இருந்தது. வரும் ஜனவரி 1 முதல் இரண்டும் சேர்த்து 15 நாள். மிச்சமானதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது. இது ஊழியர்களுக்குக் கூடுதல் வசதி என்று சுற்றறிக்கை சொல்கிறது. 18 நாள் 15 நாளாகிவிட்டது என்பதை அது எந்த இடத்திலும் சொல்லவில்லை.

உள்மின்னஞ்சலில் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் ஒரே பதில்தான் வந்தது: உள்ளூர்ச் சட்டத்துக்கும் சந்தை நடைமுறைக்கும் உட்பட்டே முடிவு எடுத்திருக்கிறோம். அதனால்தான் இப்போது பொதுவில் எழுதுகிறேன். என் பெயரைப் போடவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். ஒரே நிறுவனத்தின் கிளைகளுக்குள் ஆளை மாற்றக் கொடுக்கும் எல்-1 விசாவில் வந்தவள் நான். இந்த விசாவை வைத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போக முடியாது. வேலை போனால் இந்த நாட்டில் இருக்க அதிகபட்சம் 60 நாள். நிறுவனத்தின் பெயரையும் போடவில்லை. நம் நிறுவனத்தைத் தெருவில் இழுக்க எனக்கு விருப்பம் இல்லை. பத்து வருடத்துக்கும் மேலாக எனக்குச் சோறு போடுவது அதுதான்.

2013இல் சென்னை சோழிங்கநல்லூர் அலுவலகத்தில் சேர்ந்தேன். 2016இல் ஆன்சைட், அதாவது வெளிநாட்டுப் பணி, என்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்பினீர்கள். 2022இல் பிளேனோ. மூன்று ஊரிலும் வாடிக்கையாளர் ஒருவரே, மென்பொருளும் ஒன்றே. இன்று நான் சரிசெய்யும் பிழைகளில் சில, ஸ்டுட்கார்ட்டில் இருந்தபோது நானே எழுதிய நிரலில் இருப்பவை. ஊர் மாறியபோது என் வேலையில் எதுவும் மாறவில்லை. உடம்புக்கு முடியாமல் போனால் என்ன ஆகும் என்பது மட்டும் மாறிவிட்டது.

முதலில் சம்பளத்தைப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் முதலில் சொல்லப்போவது அதைத்தான். ஸ்டுட்கார்ட்டில் கடைசியாக என் ஆண்டுச் சம்பளம் 68,000 யூரோ. வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு எல்லாம் போக மாதம் ஏறக்குறைய 3,400 யூரோ கைக்கு வரும். இங்கே 1,18,000 டாலர். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. எல்லாப் பிடித்தமும் போக மாதம் ஏறக்குறைய 7,000 டாலர் வருகிறது. அதை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். திருச்சி வீட்டின் மேல் அப்பா வாங்கியிருந்த கடனை அடைத்தது இந்தப் பணம்தான். ஸ்டுட்கார்ட்டிலேயே இருந்திருந்தால் அது முடிய இன்னும் நான்கைந்து வருடம் ஆகியிருக்கும்.

ஆனால் அந்த 7,000 எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். சின்னவனுக்குக் குழந்தைகள் காப்பகம் 1,600. ஸ்டுட்கார்ட்டில் பெரியவளுக்கு 300 யூரோ கூட ஆகவில்லை. (இடம் கிடைக்க பதினான்கு மாதம் அலைந்தோம், அதுவும் உண்மை.) அங்கே எங்களிடம் கார் இல்லை, எஸ்-பான் ரயில் போதும். இங்கே இரண்டு கார் இல்லாமல் நானும் கணவரும் வேலைக்குப் போக முடியாது. மருத்துவக் காப்பீடு இருந்தாலும் ஆண்டின் மருத்துவச் செலவில் முதல் 3,000 டாலர் எங்கள் கையில் இருந்து. கடைசியில் அங்கே மிஞ்சியதைவிட இங்கே கூடுதலாக மிஞ்சுகிறது, சரி. ஆனால் சம்பளச் சீட்டுகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரிகிற அளவுக்கு இல்லை. அந்தக் கூடுதல் பணத்தை எதைக் கொடுத்து வாங்குகிறோம் என்பது சம்பளச் சீட்டில் இருக்காது. அதனால் அதைச் சொல்கிறேன்.

2019 கோடையில் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போனோம். இரண்டாம் நாளே எனக்குக் கடும் காய்ச்சல். அங்கேயே மருத்துவரிடம் காட்டி, ஒரு வாரத்தில் நான்கு நாள் படுக்கையில் கிடந்தேன். திரும்பி வந்ததும் விடுமுறை எப்படி என்று குழுத் தலைவர் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, பாவம் என்று சொல்லவும் இல்லை. "மருத்துவர் சீட்டு இருக்கிறதா? மனிதவளத் துறைக்கு அனுப்பு, அந்த நான்கு நாள் உன் கணக்குக்குத் திரும்பிவிடும்" என்றார். நான் நம்பவில்லை. ஆனால் திரும்பி வந்தது. ஜெர்மனியின் கூட்டாட்சி விடுப்புச் சட்டத்தில் 9ஆம் பிரிவு அது: விடுமுறையில் நோய்ப்பட்டால், மருத்துவர் சான்று இருந்தால், அந்த நாட்கள் விடுமுறையில் சேராது. ஓய்வு வேறு, நோய் வேறு என்பதை அந்தச் சட்டம் அவ்வளவு சுலபமாகப் பிரித்துவிடுகிறது. நோய்க்கு ஆறு வாரம் வரை முழுச் சம்பளம். அதற்கு மேலும் நீண்டால் காப்பீட்டு நிறுவனம் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுக்கும். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அதற்குத் தனி நாட்கள். நான் இருந்தபோது ஒரு குழந்தைக்கு ஒரு பெற்றோருக்கு வழக்கமாக 10 நாள், 2024 முதல் 15 நாள். இதில் எதையும் ஆண்டு விடுப்பில் இருந்து யாரும் எடுப்பதில்லை. ஸ்டுட்கார்ட் கிளையில் நீங்கள் கொடுக்கும் 28 நாளும் ஓய்வுக்கே.

இப்போது பிளேனோ. சின்னவனுக்கு இரண்டு வயது. காப்பகத்தில் ஒரு விதி: காய்ச்சல் 100.4ஐத் தாண்டினால் உடனே வந்து கூட்டிப்போக வேண்டும், காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகும் வரை திரும்பக் கொண்டுவரக் கூடாது. நியாயமான விதிதான். இந்த வருடம் ஜனவரியில் இருந்து மார்ச்சுக்குள் அவனுக்கு ஐந்து முறை காய்ச்சல். அதில் என் பங்குக்குப் போனது 9 நாள், மீதியைக் கணவர் பார்த்துக்கொண்டார். உங்கள் புதிய கணக்குப்படி 15இல் 9 போனால் 6. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை எனக்கு வரும் சளி, பல்வலி, பிள்ளைகளுக்கு இனி வரும் காய்ச்சல், பெரியவள் பள்ளிக் கூட்டம், என் ஓய்வு எல்லாம் அந்த ஆறு நாளுக்குள். பக்கத்து நகரமான டல்லஸில் இருந்து திருச்சிக்குப் போகவே கிட்டத்தட்ட இரண்டு நாள், வரவும் அதேபோல. அம்மாவைப் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

இப்படிக் கலந்தால் இன்னொன்றும் நடக்கும், இப்போதே நடக்கிறது. ஊருக்குப் போக நாள் சேர்க்க வேண்டும் என்பதற்காகக் காய்ச்சலோடு அலுவலகம் வருகிறார்கள். பிப்ரவரியில் ஒருவர் இருமிக்கொண்டே வந்தார். அடுத்த இரண்டு வாரத்தில் எங்கள் வரிசையில் ஆறு பேர் படுத்தோம். மென்பொருள் வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனது. வாடிக்கையாளரிடம் அதற்கு வேறு காரணம் சொன்னோம்.

என் இரண்டு பிரசவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதைவிட நேரடியான ஒப்பீடு என்னிடம் இல்லை.

பெரியவள் 2018 நவம்பரில் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தாள். பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பே வேலை நின்றது. பிறந்த பின் எட்டு வாரம், நானே விரும்பினாலும் வேலை செய்ய முடியாது, சட்டம் தடுக்கிறது. ஒரு நாள் பழக்க தோஷத்தில் அலுவலக மின்னஞ்சலைத் திறந்து ஒரு கேள்விக்குப் பதில் போட்டேன். குழுத் தலைவர் வீட்டுக்கே தொலைபேசியில் அழைத்து, "தயவுசெய்து இதைச் செய்யாதே, நிறுவனத்துக்குத்தான் சிக்கல்" என்றார். அந்த 14 வாரமும் முழு நிகரச் சம்பளம். அதன்பின் பெற்றோர் உதவித்தொகை, வாங்கிய நிகரச் சம்பளத்தில் 65 விழுக்காடு, உச்சவரம்பு மாதம் 1,800 யூரோ. கணவரும் இரண்டு மாதம் எடுத்தார். வீட்டுக்கு மருத்துவச்சி வந்தார். ஹெபாமே என்பார்கள். முதல் பத்து நாள் தினமும் வந்து தையலைப் பார்த்தார், குழந்தையைத் துணித் தொட்டிலில் கட்டி எடை போட்டார், அம்மா வைத்த பூண்டுக் குழம்பை முகர்ந்து பார்த்து இது என்ன மருந்து என்று கேட்டார். அவருக்கும் மருத்துவமனைக்கும் எங்கள் கையில் இருந்து ஒரு யூரோ போகவில்லை, காப்பீடு பார்த்துக்கொண்டது.

சின்னவன் 2023 அக்டோபரில் இங்கே பிறந்தான். அம்மாவுக்கு விசா நேர்காணல் தேதி பிரசவத்துக்கு அப்புறம்தான் கிடைத்தது, அதனால் துணைக்கு யாரும் இல்லை. விடுப்பு கேட்டபோது மனிதவளத் துறை ஒரு சட்டத்தைச் சுட்டிக்காட்டியது. 1993ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் தருகிறது, அதுவும் சம்பளம் இல்லாமல். 75 மைல் சுற்றளவில் 50 ஊழியர்கள் இருந்தால்தான் அது பொருந்தும். பிளேனோவில் நாங்கள் 41 பேர். ஆகவே அந்தச் சம்பளமில்லாத 12 வாரம்கூட எனக்கு உரிமை இல்லை. கிடைத்தது குறுகிய கால இயலாமைக் காப்பீடு: ஆறு வாரம், அதில் முதல் வாரம் காத்திருப்புக் காலம் என்று கழித்துவிட்டு ஐந்து வாரத்துக்கு 60 விழுக்காடு சம்பளம். பிள்ளை பெறுவதற்கு இந்த நாட்டில் காப்பீட்டுத் தாளில் போட்டிருக்கும் பெயர் இயலாமை.

43ஆம் நாள் காலை வேலைக்கு வந்தேன். ஒரு திங்கட்கிழமை. நம் ஊரில் அதைப் பச்சை உடம்பு என்பார்கள். குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க விட மாட்டார்கள். காப்பகங்கள் ஆறு வாரக் குழந்தையைச் சேர்த்துக்கொள்கின்றன, ஏனென்றால் இங்கே அம்மாக்கள் அப்போதே வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பால் புட்டி ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும். ஞாயிறு இரவு பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்து எழுதினேன், மார்க்கர் மை ஈரத்தில் கலைந்து கலைந்து போனது. அலுவலகத்தில் பால் எடுக்கத் தனி அறை கிடையாது. சிறிய மீட்டிங் அறையின் கண்ணாடிக் கதவில் பழுப்புத் தாளை நானே ஒட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் யாரோ கதவைத் தட்டினார்கள், அறையை முன்பதிவு செய்திருக்கிறோம் என்று. சட்டையைச் சரிசெய்துகொண்டு, பாதிப் பாலோடு வெளியே வந்தேன். அவர்கள்மேல் தப்பில்லை, அவர்களுக்குத் தெரியாது. அப்புறம் மருத்துவமனை பில் ஒன்று, மயக்க மருந்து நிபுணர் பில் தனியாக ஒன்று, குழந்தை மருத்துவர் பில் ஒன்று என்று பிப்ரவரி வரை தபாலில் வந்துகொண்டிருந்தன.

ஜெர்மனியில் பேறுகாலச் சம்பளத்தை நீங்கள் மனமுவந்து கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. சட்டம் கொடுக்க வைத்தது. எல்லா நிறுவனங்களும் சேர்ந்து கட்டும் பொது நிதியில் இருந்து அந்தத் தொகை உங்களுக்குத் திரும்பவும் கிடைத்தது. சோழிங்கநல்லூரிலும் அதேதான். 2017 திருத்தத்துக்கு அப்புறம் முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம், முழுச் சம்பளத்தோடு. என் பழைய குழுவில் இருந்த பெண் இப்போது அந்த 26 வாரத்தில் இருக்கிறாள், அவள் வேலையை இங்கிருந்து நான்தான் பார்க்கிறேன், சந்தோஷமாகவே பார்க்கிறேன். அவளுக்கு 26 வாரம் கொடுக்க முடிகிற நிறுவனத்தால் எனக்கு ஆறு வாரத்துக்கு மேல் முடியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே உடம்புதான். சென்னையில் சட்டம் சொன்னதைச் செய்தீர்கள், ஸ்டுட்கார்ட்டில் சட்டம் சொன்னதைச் செய்தீர்கள். பிளேனோவில் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு கொடுக்க உங்களைக் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை. ஆகவே இங்கே நடப்பது மட்டுமே முழுக்க உங்கள் முடிவு. இதை நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சந்தை நடைமுறை என்கிறீர்கள். சம்பளத்தோடு விடுப்பு கொடு என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தனியார் நிறுவனங்களைக் கேட்பதில்லை, உண்மை. டல்லஸ் நகரம் 2019இல் ஊதியத்தோடு நோய் விடுப்பைக் கட்டாயமாக்கியது. வழக்குத் தொடுத்து நீதிமன்றத்தில் அதை நிறுத்திவிட்டார்கள், அதுவும் உண்மை. ஆனால் அதே அமெரிக்க அரசு 2020 அக்டோபர் முதல் தன் ஊழியர்களுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு 12 வாரம் சம்பளத்தோடு கொடுக்கிறது. கலிஃபோர்னியாவில் ஊதியத்தோடு குடும்ப விடுப்பு 2004 முதல் இருக்கிறது. பிள்ளை பெறும் தாய்க்கு மைக்ரோசாஃப்ட் 20 வாரம் கொடுக்கிறது. நமக்கு வர வேண்டிய நல்ல பொறியாளர்களை இழுத்துக்கொள்ளும் சந்தை இதுதான்.

இன்னொருவருடையதையும் சொல்கிறேன், அவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். எங்கள் கிளையில் சோதனைப் பிரிவில் இருப்பவர், மதுரைப் பக்கம். சென்ற வருடம் அவர் அப்பா இறந்துபோனார். கணக்கில் இருந்த விடுப்பு ஐந்து நாள். கிடைத்த விமானத்தைப் பிடித்து ஓடியும் முகத்தைப் பார்க்க முடியவில்லை, எல்லாம் முடிந்திருந்தது. மூன்றாம் நாள் எங்கள் காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் அவர் பெயர் திரையில் வந்தது. அங்கே இரவு ஏழரை. வேலை செய்ததாகக் கணக்குக் காட்டினால் ஒரு நாள் மிச்சமாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். துக்க வீட்டுத் திண்ணையில் இருந்து பேசினார். முடித்துவிட்ட சோதனைகளின் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ புதிதாகத் துக்கம் கேட்க வந்திருக்க வேண்டும், பெண்கள் அழும் சத்தம் கேட்டது. அவர் மைக்கை அணைத்துவிட்டார். திரும்பப் போட்டபோது எண்ணை முதலில் இருந்து சொன்னார். நாங்கள் யாரும் எதுவும் பேசவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு மூத்த மகன் அங்கே இல்லை, தம்பிதான் செய்தார்.

நிர்வாகக் குழுவில் இருக்கும் எல்லோரும் நம் ஊர்க்காரர்கள். பதினாறாம் நாள் என்றால் என்ன, பச்சை உடம்பு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

செலவைப் பற்றியும் ஒரு வரி. ஓர் ஆண்டில் வேலை நாள் 260 என்று வைத்தால், 41 பேருக்கு 10,660 நாள். ஒவ்வொருவருக்கும் ஐந்து நாள் கூடுதலாகக் கொடுத்தால் 205 நாள். இரண்டு விழுக்காடுகூட இல்லை. ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் பில்லிங், அதாவது வாடிக்கையாளரிடம் வாங்கும் கட்டணம், போகிறது என்பது எனக்குத் தெரியும். அனுபவசாலி ஒருவர் வெறுத்துப்போய் விலகினால், அந்த இடத்துக்கு ஆள் தேடி விசா எடுத்துப் பழக்க எத்தனை நாள் பில்லிங் போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஒன்றரை வருடத்தில் நான்கு பேர் போய்விட்டார்கள்.

நான் கேட்பது இவை. ஜனவரி 1 முதல் வரவிருக்கும் இணைப்பை நிறுத்திவையுங்கள். நோய் விடுப்பைத் தனியாகவே வைத்து, அதை 10 நாளாக்குங்கள். குழந்தையின் காய்ச்சலுக்கும் அதை எடுக்கலாம் என்று எழுத்தில் போடுங்கள். ஆண்டு விடுப்பு 20 நாள் வேண்டும். ஜெர்மனியில் வாரம் ஐந்து நாள் வேலை செய்கிறவருக்குச் சட்டம் தரும் குறைந்தபட்சம் அது, அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மிச்சமானதில் 10 நாளையாவது அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக விடுங்கள், ஊர் தூரம் என்பதால்.

பிள்ளை பெறும் பெண்ணுக்கு 14 வாரம் முழுச் சம்பளத்தோடு கொடுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000ஆம் ஆண்டு உடன்படிக்கையில் குறைந்தபட்சம் என்று வைத்த கால அளவு அது. அப்பாவுக்கு நான்கு வாரம். 50 பேர் இல்லை என்ற காரணத்தைச் சொல்லாமல், 1993 சட்டத்தின் வேலைப் பாதுகாப்பைப் பிளேனோ ஊழியர்கள் 41 பேருக்கும் நிறுவன விதியாகவே கொடுங்கள். பால் எடுக்க, பூட்டு உள்ள, கண்ணாடி இல்லாத ஓர் அறை வேண்டும். அதற்குக் குழு கூடி முடிவு எடுக்க வேண்டியதில்லை, இந்த வாரமே செய்யலாம். தாய், தந்தை, துணை, பிள்ளை இறந்தால் பயண நாள் சேராமல் 10 வேலை நாள் துக்க விடுப்பு, அந்த நாட்களில் எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கக் கூடாது என்ற விதியோடு.

நவம்பர் 30க்குள் பதில் வேண்டும். எனக்குத் தனியாக வேண்டாம், 41 பேருக்கும் சேர்த்து எழுத்தில் அனுப்புங்கள். மறுப்பதாக இருந்தால், ஒவ்வொன்றையும் ஏன் மறுக்கிறீர்கள் என்று தனித்தனியாக, சட்டத்தைக் காரணம் காட்டாமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பிளேனோ கிளையில் பணிபுரியும் உங்கள் பொறியாளர்